செங்கொடி யாரோடு பேசினாள்?

டமார்!

எண்ணூர்ப் பக்கத்துக் கன்டெய்னர் யார்டில் இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம் நாள் முழுக்க ஓயாது. செங்கொடிக்கு அது காதில் விழுந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் இது வேறு சத்தம். தகரம் நசுங்குகிற சத்தம்.

அவள் அப்போது தரையிலிருந்து எழுபதடி உயரத்தில், ஏழாம் நம்பர் கிரேனின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். காலடிக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தாள். ஒரு டிரெய்லர் லாரி பின்பக்கமாகவே போய், யார்டு நடுவில் நட்டிருந்த பெரிய பலகையை மல்லாக்கச் சாய்த்திருந்தது. ‘விபத்தில்லா நாட்கள்: 211’ என்று எழுதியிருந்த பலகை.

லாரியை விட்டுக் குதித்த டிரைவர் அஃப்ரித், தலையில் ஒரு கையும் வானத்தை நோக்கி ஒரு கையுமாக நின்றான். அந்த வானத்தில் இருந்தது செங்கொடிதான். நம்மைப் பார்த்து ஏன் கை நீட்டுகிறான் என்று அவளுக்குப் புரியவில்லை. சரி, கேட்டுவிடுவோம் என்று வாக்கிடாக்கியைத் தேடினாள். அது டீ ஃபிளாஸ்க்குக்கு அடியில் மாட்டிக் கிடந்தது. ஃபிளாஸ்க்கின் அடிப்பாகம், பேசுகிற பட்டனைச் சரியாக அமுக்கிக்கொண்டிருந்தது.

ஃபிளாஸ்க்கைத் தூக்கினாள். அவ்வளவுதான், கூண்டுக்குள் பத்துப் பன்னிரண்டு குரல்கள் ஒன்றாக வெடித்தன.

"யக்கா! நீதான்க்கா சொன்ன, மெதுவா பின்னால வாடா கண்ணுன்னு! நான் வந்தேன்!" இது அஃப்ரித்.

"இருவது நிமிசமா லைனு உன் கையில கீதுக்கா. ஒருத்தரு ஒரு வார்த்த பேச முடில." இது யாரோ.

"அறிவு அண்ணன் கொறட்ட வுடறத எதுக்குக்கா எங்களுக்கு சொன்ன?" இது இன்னும் யாரோ. அதற்குப் பின்னால் கொல்லென்று சிரிப்பு.

செங்கொடி ஃபிளாஸ்க்கையும் வாக்கிடாக்கியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

விஷயம் இதுதான். செங்கொடி கிரேனோடு பேசுவாள். மூன்று வருடமாகப் பேசுகிறாள். காலையில் ஏணியில் கால் வைக்கும்போது "வந்துட்டேன் கண்ணு" என்பாள். கனமான பெட்டியைத் தூக்கும்போது "மூச்சப் புடி, மூச்சப் புடி" என்பாள். முதல் நாள் வீட்டில் என்ன குழம்பு, யாரோடு சண்டை, எல்லாம் அதற்குத் தெரியும். இத்தனை நாள் அது அவளுக்கும் கிரேனுக்கும் நடுவில் இருந்தது. இன்றைக்கு ஒரு ஃபிளாஸ்க்கின் தயவில் யார்டு முழுக்க ஒலிபரப்பாகிவிட்டது.

புருஷன் குறட்டை பற்றிச் சொன்னது கூடப் பரவாயில்லை. புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரியைப் பற்றி என்ன சொன்னோம் என்று யோசித்தாள். ஞாபகம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். "அந்த சேஃப்டி சாரு மூஞ்சப் பாத்தியா கண்ணு? தண்ணியில ஊறப்போட்ட அப்பளம் மாரி கீது." இதைத்தான் சொல்லியிருந்தாள். விளக்கமாக, இரண்டு தடவை.

எபினேசர் என்ற அந்த அதிகாரி மறுநாள் காலையில் அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். நாற்பது வயது இருக்கும். மெலிந்த ஆள். கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கினார், படித்துப் பார்த்தார், கொடுத்தார், மறுபடியும் வாங்கிப் படித்தார்.

"சார், குடுக்கறீங்களா, வெச்சிக்கறீங்களா?" என்றாள் செங்கொடி.

கடிதத்தின் சாரம் இது. கிரேன் இயக்குபவர் பணி நேரத்தில் இல்லாத ஒருவருடன் தொடர்ந்து உரையாடியிருக்கிறார். சனிக்கிழமை மனநல மருத்துவரிடம் சென்று தகுதிச் சான்று வாங்கி வர வேண்டும். அதுவரை கிரேனில் ஏறக் கூடாது. சான்று கிடைக்காவிட்டால் தரைப் பணிக்கு மாற்றப்படுவார்.

தரைப் பணி என்றால் வெயிலில் நின்று பெட்டிகளின் சீல் நம்பரை எழுதுவது. அந்த வேலையை ஆறு வருடம் செய்துவிட்டுத்தான் செங்கொடி மேலே ஏறியிருந்தாள். பயிற்சிக்குப் போன பதினான்கு பேரில் பெண் அவள் ஒருத்தி. தேர்வில் முதலாவதும் அவள்தான். அந்தக் கூண்டை விட்டு இறங்குவது என்றால் அவளுக்கு உயிரில் பாதி போன மாதிரி.

"நானே கூட வரேன் மேடம்" என்றார் எபினேசர். "டாக்டரையும் நானே பார்த்து வெச்சிருக்கேன்."

அப்பளம் பழி வாங்குகிறது என்று முடிவு கட்டினாள் செங்கொடி.

அன்று சாயங்காலம் எர்ணாவூர்க் குடியிருப்பில் இரண்டாம் மாடி வராந்தாவில் பஞ்சாயத்து கூடியது. தலைமை, எதிர்வீட்டு ரமாபாய். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மனநல வார்டில் பதினாறு வருடம் ஆயாவாக வேலை பார்த்துவிட்டு வந்தவள். அந்தக் கட்டடத்தில் யாருக்கு எந்தக் கோளாறு என்று அவளிடம் ஒரு பட்டியலே இருந்தது. கேட்காமலே சொல்லுவாள்.

"ரமாக்கா, இவளுக்கு இன்னா வியாதி? ஒயுங்கா சொல்லு" என்றான் செங்கொடியின் கணவன் அறிவு. வெல்டர். நெருப்புப் பொறிக்குப் பயப்படாதவன், ஆஸ்பத்திரி என்றால் நடுங்குவான்.

"அவசரப்படாத. மூணு வகை கீது" என்று ரமாபாய் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டாள். "நம்ம மாடியில தண்ணி டேங்கு கீதா? மோட்டார ஆஃப் பண்ணோமான்னு ஒருத்தன் ஒருக்கா போய்ப் பாக்கறான். அவன் மனுசன். பாத்துட்டு எறங்கறான், மறுபடி சந்தேகம், ஏறறான். எறங்கறான், ஏறறான். பத்து தபா. ஆஃப் பண்ணிட்டோம்னு அவனுக்கே தெரியும். அவனுக்கே வெக்கமா கீது. ஆனா காலு நிக்க மாட்டேங்குது. இது நியூரோசிஸ். ரொம்பப் பாவம், நைனா. ராத்திரில தூக்கம் கூட வராது."

"ரெண்டாவது?"

"டேங்குக்குள்ள எவனோ கேமரா வெச்சி என்னியே பாக்கறான்னு சொல்றான். தொறந்து காட்டினாலும் நம்ப மாட்டான். காட்டுன நீயும் அவன் கூட்டாளின்னுவான். அவனுக்கு சந்தேகமே கெடயாது, பாத்துக்கோ. வெக்கமும் கெடயாது. நாமதான் மண்டு. அது சைக்கோசிஸ். மாத்திர சாப்ட்டா தெளியும். ஆனா சாப்பிட வெக்கறதுக்குள்ள வூட்டுல கீறவங்க பாதி ஆயிடுவாங்க."

"மூணாவது?"

"டேங்குக்கு பேரு வெச்சி, பொட்டு வெச்சி, பொங்கலுக்கு மால போடறது. அதுக்குப் பேரு கிராக்கு. அதுக்கு மருந்தும் கெடயாது, தேவையும் இல்ல. உன் பொண்டாட்டி அந்த ஜாதி."

அறிவு மூச்சு விட்டான். செங்கொடியும் விட்டாள்.

"டாக்டரு நூறு கேள்வி கேப்பாரு. ஒண்ணுதான் முக்கியம்" என்றாள் ரமாபாய். "நீ பேசறியே, அது திருப்பிப் பேசுதான்னு கேப்பாரு. இல்லன்னுடு. முடிஞ்சது கத."

செங்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். கால் கட்டை விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி கம்னு கீற?"

"பேசுமேக்கா" என்றாள் செங்கொடி.

அறிவின் கையிலிருந்த டீ பாதி அவன் லுங்கியில் கொட்டியது. ரமாபாய் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள்.

"இன்னா பேசும்?"

"அது இன்னான்னு சொல்றது... மேல வந்து கேட்டாதான் தெரியும்."

"அம்மா தாயே" என்று ரமாபாய் இரண்டு கையையும் கூப்பினாள். "இத வாசப்படி தாண்டி எங்கியும் சொல்லாத. இல்ல. இல்ல. இல்லன்னு சொல்லு. சொல்லு பாப்பம்."

"இல்ல" என்றாள் செங்கொடி. திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அதன் பிறகு இரண்டு நாள் வீட்டில் ஒத்திகை நடந்தது. ஒத்திகை என்றால், சாதாரணமாக இருக்கிற ஒத்திகை. மிக்ஸியைத் திட்டக் கூடாது. கேஸ் சிலிண்டரிடம் இன்னும் நாலு நாள் தாக்குப் பிடி என்று கெஞ்சக் கூடாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். கை மடியில். முகம் நேராக. செங்கொடி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் அறிவு "தோசைக்கு இன்னா சட்னி?" என்று கேட்டதற்கு, கையை மடியில் வைத்து, நேராகப் பார்த்து, "தேங்காய்" என்றாள். சிரிப்பில்லை, கோபமில்லை, ஒன்றுமில்லை. அறிவு அப்படியே எழுந்து எதிர்வீட்டுக்கு ஓடினான்.

"ரமாக்கா, அவ பேசறப்போ எனக்கு பயமே இல்ல. இப்பத்தான் பேஜாரா கீது."

சனிக்கிழமை பதினோரு மணி. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் கிளினிக். டாக்டர் கௌசர் என்று பலகை. எபினேசர் பைக்கைக் கீழே நிறுத்தி, பூட்டி, இழுத்துப் பார்த்தார். பாதிப் படி ஏறினார். இறங்கிப் போய் மறுபடி இழுத்துப் பார்த்தார். மேலே வந்து நாற்காலியைக் கைக்குட்டையால் துடைத்து உட்கார்ந்தார். இரண்டு நிமிடத்தில் எழுந்தார்.

"மேடம், இதோ வந்துடறேன். பைக்கு..."

"பூட்டிட்டீங்க சார். நான் பாத்தேன்."

"தெரியும் மேடம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

என்னை மாட்டிவிட்ட குஷியில் ஆளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை என்று செங்கொடி பல்லைக் கடித்தாள். பிறகு சுற்றிலும் பார்த்தாள். இந்த அறையில் இருப்பதிலேயே சாதாரணமான ஆள் யார்? அவரைப் பார்த்து அப்படியே நடந்துகொள்ளலாம் என்பது அவள் திட்டம்.

ஆள் கிடைத்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வாரிய தலை, மடியில் ஒரு ஃபைல். பக்கத்தில் முப்பது வயதுப் பெண், சோர்ந்த முகம்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள போய் எப்டி பேசணும்? எனக்கு மொத தபா" என்றாள் செங்கொடி.

"பயப்படவே வேண்டாம்மா" என்றார் அவர் இதமாக. "என் பேர் லோகநாதன். ரயில்வேயில இருந்தேன். டாக்டர் ரொம்ப நல்லவங்க. கேக்கறதுக்கு நிதானமா பதில் சொல்லுங்க. தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. நடிக்காதீங்க, கண்டுபிடிச்சிடுவாங்க."

எவ்வளவு தெளிவாகப் பேசுகிறார்! செங்கொடி அவர் உட்கார்ந்திருப்பது போலவே முதுகை நேராக்கிக்கொண்டாள்.

"நீங்க இன்னாத்துக்கு சார் வந்தீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "என் பொண்ணுக்குத்தாம்மா உடம்பு சரியில்ல. நான் துணைக்கு வந்தேன்."

"அடப் பாவமே. இன்னா பண்ணுது?"

"ராயபுரத்துல எங்க வீடு. துறைமுகத்துல கப்பல் ஊதுது இல்லையா, அது அவளுக்குப் புரிய மாட்டேங்குது. மூணு தடவை ஊதினா என் பேரு. அப்புறம் நீளமா ஊதறதெல்லாம் எனக்கு வர்ற உத்தரவு. எவ்வளவு சொல்லியும் புரியல அவளுக்கு."

செங்கொடி சிரித்தாள். அவர் தமாஷ் பண்ணுகிறார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. அவர் கண்ணில் விளையாட்டு இல்லை, சந்தேகம் இல்லை, கூச்சம் கூட இல்லை. அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து, "அப்பா, மணி ஆச்சு" என்றாள். "உனக்காகத்தான் சாப்பிடறேன்" என்று அவர் வாங்கி விழுங்கினார். தண்ணீர் சிந்திய அவர் சட்டையை அவள் துப்பட்டாவால் துடைத்துவிட்டாள்.

செங்கொடியின் முதுகு தானாக வளைந்தது. சிரித்ததற்கு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கிரேன் பேசும் என்று நான் சொல்கிறேன், கப்பல் பேசும் என்று இவர் சொல்கிறார். டாக்டருக்கு இரண்டும் ஒன்றாகத்தானே கேட்கும்? இல்ல, இல்ல, இல்ல என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

"செங்கொடி!" என்று கூப்பிட்டார்கள்.

டாக்டர் கௌசருக்கு ஐம்பது வயது இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி.

"தூக்கம் எப்படிம்மா?"

"நல்லா இருக்கு."

"பசி?"

"நல்லா இருக்கு."

"வீட்டுல?"

"நல்லா இருக்கு."

டாக்டர் பேனாவை வைத்தார். "ஏம்மா, போலீஸ்ல சேரப் போறீங்களா? இப்படி விறைப்பா உக்காந்திருக்கீங்க? கையை எடுத்து மேஜை மேல போடுங்க. சரி, கிரேனோட பேசறீங்களாமே?"

"பேசறேன் டாக்டர்."

"நிறுத்தச் சொன்னா நிறுத்த முடியுமா?"

"முடியும் டாக்டர். ரெண்டு நாளா மிக்ஸி, சிலிண்டரு, ஒண்ணுகிட்டயும் பேசல. எனக்கு ஒண்ணும் ஆவல. வூட்டுக்காரருதான் பயந்துட்டாரு."

டாக்டரின் உதடு லேசாக அசைந்தது. உடனே நேரானது. "எதுக்காகப் பேசறீங்க?"

"எட்டு மணி நேரம் தனியா டாக்டர். கீழேந்து எடு, வை, எடு, வை, இது மட்டுந்தான் வரும். சாப்டியான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அத நான் அதுகிட்ட கேக்கறேன். கேட்டா எனக்கு நல்லா கீது."

"சரி." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்ப ஒண்ணு கேக்கறேன், யோசிச்சு சொல்லுங்க. நீங்க பேசினா, அது திருப்பிப் பேசுமா?"

வந்துவிட்டது. ரமாபாயின் கும்பிட்ட கைகள் கண் முன்னால் வந்தன. ‘இ’ என்று வாயைத் திறந்தாள். அந்தக் கூண்டைப் பற்றிப் பொய் சொல்லி, அந்தப் பொய்யை எடுத்துக்கொண்டு போய் அதே கூண்டில் எப்படி உட்காருவது? வாய் அடைத்துக்கொண்டது. பிறகு தானாகவே திறந்தது.

"பேசும் டாக்டர்."

டாக்டர் அசையவில்லை. "என்ன பேசும்?"

"கடக் காத்து ஏறுச்சின்னா கயிறு விர்ருன்னு முனகும். காத்து வேகம் அளக்கற மெஷினு பீப் அடிக்கறதுக்கு முன்னயே எனக்குத் தெரிஞ்சிடும், நிறுத்திடுவேன். பிரேக்கு சூடேறிச்சின்னா பாட்டு மாரி இழுக்கும். பின் சக்கரத்துல காத்து கம்மியானா என் முதுகுல சொல்லும். போன மாசம் ஒரு போல்டு லூசு ஆனத அதான் சொல்லிச்சு. ஃபிட்டரு நம்பல. ஏறிப் பாத்தாரு, லூசு."

"வார்த்தையில சொல்லிச்சா? செங்கொடி, போல்ட்டு லூசு, அப்படின்னு?"

செங்கொடி டாக்டரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். இவருக்கு என்ன ஆயிற்று என்பது போல.

"அது இரும்பு டாக்டர்! வார்த்தையில பேசியிருந்தா, ஆபீசுல லெட்டர் குடுக்கற வரைக்கும் இருப்பேனா? எறங்குன காலோட நேரா இங்கதான ஓடியாந்திருப்பேன்!"

டாக்டர் கௌசர் நாற்காலியில் சாய்ந்து வாய் விட்டுச் சிரித்தார். வெளியே இருந்த நர்ஸ் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.

"இதுதாம்மா வித்தியாசம். எது இரும்பு, எது நீங்கன்னு உங்களுக்குத் தெரியுது. அதனால உங்களுக்குக் கஷ்டமும் இல்ல. நல்லா பேசுங்க. ஃபிளாஸ்க்கை மட்டும் வேற இடத்துல வைங்க. அவ்வளவுதான் என் வைத்தியம்." நர்ஸிடம் திரும்பினார். "கம்பெனியிலேருந்து வந்திருக்கிறவரை உள்ள வரச் சொல்லு."

எபினேசர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். பைக்கிலிருந்துதான் வருகிறார் என்பது தெரிந்தது. டாக்டர் நீட்டிய தாளை வாங்கினார். படித்தார். மேலிருந்து மறுபடி படித்தார். செங்கொடி அவர் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவையும் படித்தார். எங்காவது ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், ஃபிட்டுன்னு போட்டுக்கீறாங்க. அதுக்கு மேல இன்னா சார் பாக்கறீங்க?" குரல் உயர்ந்துவிட்டது. "உங்களப் பத்தி பேசினது தப்புதான். அதுக்கு வேணா திட்டுங்க. என் கூண்டுல கை வெக்காதீங்க."

"இல்ல மேடம். சரியா இருக்கு. திங்கக்கிழமை காலை ஷிஃப்ட்டு, ஏழாம் நம்பர்ல ஏறிடுங்க." தாளை நான்காக மடித்து அவளிடமே கொடுத்தார்.

செங்கொடிக்குக் கால் தரையில் பாவவில்லை. டாக்டருக்கு ஒரு கும்பிடு போட்டாள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பினாள். "வாங்க சார் போலாம். கீழ டீக்கடை கீது, என் செலவு. அப்பளத்த மறந்துடுங்க."

எபினேசர் அவள் பின்னால் வரவில்லை. அவள் காலி செய்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். துடைக்காமலே உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து, தன் பெயருக்கு வாங்கிய கிளினிக் டோக்கனை எடுத்து மேஜை மேல் வைத்தார். டாக்டர் அந்த டோக்கனைப் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் புதிதாக ஒரு தாளை எடுத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது?" என்றாள் செங்கொடி.

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கோச்சுக்காதீங்க மேடம்... ஏழு மாசமா இந்தப் படி வரைக்கும் வந்து வந்து திரும்பிட்டேன், தனியா ஏறத் தைரியம் வரல. அதனாலதான் உங்களப் பத்தி எழுதிப் போட்டேன்."